மறுப்புக் கடிதம் எழுத முடியாத பதிவேடு

விமானச்சீட்டு வாங்கும்போது "எனக்குச் சைவச் சாப்பாடு" என்று முகவரிடம் சொல்லிவைக்கும் வழக்கம் எம்மவர் பலரிடம் உண்டு. அந்தச் சொல் எங்கே போய்ச் சேர்கிறது என்று அவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? அது விமானத்தின் சமையற்கூடத்துக்கு மட்டும் போவதில்லை. பயணச்சீட்டில் எழுத்தும் இலக்கமும் கலந்து அச்சாகியிருக்கும் ஆறு இடக் குறியீட்டின் பின்னால், உங்கள் பெயரில் ஒரு கோவை திறக்கப்பட்டிருக்கிறது. பயணிப் பெயர்ப் பதிவு, சுருக்கமாக பி.என்.ஆர்., என்று அதற்குப் பெயர். உங்கள் தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், சீட்டுக்குப் பணம் கட்டியவர் யார், எந்தக் கடனட்டை, எந்த முகவர், உடன் பயணிப்பவர் யார், எத்தனை பொதிகள், சக்கர நாற்காலி தேவையா என்பன எல்லாம் அதிலே உண்டு. சாப்பாடும் உண்டு. விமானச் சேவைகளின் உணவுக் குறியீடுகளில் இந்து உணவுக்கு ஒன்று, முஸ்லிம் உணவுக்கு ஒன்று, யூத உணவுக்கு ஒன்று என்று தனித்தனியே இருக்கின்றன. ஒருவரின் மதத்தை அவரிடம் கேளாமலே ஊகிப்பதற்கு இது போதும்.

இந்தக் கோவை முதலில் எந்த அரசாங்கத்துக்காகவும் உருவானதல்ல. ஆசனங்களை விற்கவும் பயணிகளைக் கவனிக்கவும் விமான நிறுவனங்கள் தமது வணிக வசதிக்காக வைத்திருந்த குறிப்பு அது. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களை அடுத்து, அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா நிறைவேற்றிய விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் நிலைமையை மாற்றியது. அமெரிக்காவுக்குப் பறக்கும் நிறுவனங்கள் இக்குறிப்புகளை அந்நாட்டுச் சுங்க அதிகாரிகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று அது பணித்தது. ஐரோப்பாவின் தனிநபர் தரவுச் சட்டங்களோ அதற்கு இடந்தரவில்லை. கொடுத்தால் ஐரோப்பாவில் குற்றம், கொடுக்காவிட்டால் அமெரிக்காவில் தண்டம். விமான நிறுவனங்களின் நிலை இரு பக்கமும் இடிபடும் மத்தளத்தின் நிலையாயிற்று.

2004 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 34 வகைத் தகவல்கள், மூன்றரை ஆண்டுச் சேமிப்பு என்பது ஏற்பாடு. ஐரோப்பியப் பாராளுமன்றம் நீதிமன்றம் சென்றது. 2006 மே 30 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒப்பந்தத்தை இரத்துச் செய்தது. ஆனால் அத்தீர்ப்பு பயணியின் உரிமையைப் பற்றிப் பேசவில்லை. தவறான சட்ட அடிப்படையில் ஒப்பந்தம் செய்யப்பட்டது என்பதே காரணம். அடுத்த ஆண்டே புதிய ஒப்பந்தம் வந்தது. 34 தலைப்புகள் 19 ஆகக் குறைந்தன. பலவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியதே அக்குறைப்பு என்று விமர்சகர்கள் எழுதினர். சேமிப்புக் காலமோ 15 ஆண்டுகளாக நீண்டது. 2012 ஏப்ரலில் அதற்கும் அடுத்த ஒப்பந்தத்தை, முன்னர் வழக்குப் போட்ட அதே பாராளுமன்றம் 409க்கு 226 என்ற வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. 2016இல் ஐரோப்பா தனக்கெனவே இத்தகைய ஒரு முறையைச் சட்டமாக்கியது. 2017 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 2396ஆம் இலக்கத் தீர்மானம், உறுப்பு நாடுகள் யாவும் பயணிகளின் தரவைச் சேகரித்துப் பயன்படுத்தும் ஆற்றலை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று பணித்தது. இலங்கையும் அந்த நாடுகளுள் ஒன்று. ஒரு நாடு கேட்டது, பதினாறு ஆண்டுகளில் உலகின் நியதியாகிவிட்டது.

இதில் பத்திரிகைக்காரனுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். முப்பது ஆண்டுகளாக மற்றவர்களைப் பற்றி எழுதிப் பிழைப்பவன் நான். இத்தொழிலில் எனக்கு முதலில் சொல்லித்தரப்பட்ட பாடம், ஒருவரைப் பற்றிக் குற்றமாக எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பது. கேட்டும் பிழையாக எழுதினால், மறுநாள் அவரது மறுப்புக் கடிதம் ஆசிரிய பீடத்துக்கு வரும். அதைப் பிரசுரிப்பது எமது கடமை. மறுப்பு என்ற அந்தச் சிறிய ஏற்பாடு இல்லாவிட்டால் பத்திரிகை என்பது மொட்டைக் கடிதத்துக்குச் சமம். பயணிகளின் கோவைகளைப் பற்றி வாசிக்கும் போதெல்லாம் என் மனத்தில் எழும் கேள்வி இதுதான்: இங்கே மறுப்புக் கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

2010 ஓகஸ்டில் 'சன் சீ' என்ற கப்பலில் 492 தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தார்கள். அதற்குச் சில மாதங்களின் பின் ரொறன்ரோவில் பெரியம்மாவின் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். இரவுச் சாப்பாட்டின் போது பேச்சு அந்தக் கப்பலின் பக்கம் திரும்பியது. 1986இல் வேறொருவரின் கடவுச்சீட்டில் கனடாவுக்கு வந்து இறங்கியவர் அண்ணன். அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது.

"தம்பி, நாங்கள் வந்த காலம் வேறை. இப்ப வாற ஆக்களிலை ஆர் நல்லவன், ஆர் கெட்டவன் எண்டு எப்பிடித் தெரியும்? ஏஜென்சிக்காரன் காணி பூமியை விக்கப் பண்ணிக் கப்பலிலை ஏத்தி விடுறான். எல்லாத்தையும் முன்கூட்டியே கொம்பியூட்டரிலை பாத்து மறிக்கிறதிலை என்ன பிழை? ராத்திரியிலை வீட்டுக் கதவைப் பூட்டாமல் ஆராவது படுப்பினமோ?"

"பூட்டத்தான் வேணும் அண்ணை. ஆனால் தட்டினவனை நீ ஆர் எண்டு கேளாமல், ஆரோ எழுதி வைச்ச துண்டைப் பாத்துத் திருப்பி அனுப்பிறது பூட்டோ?" என்றேன்.

அங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகள் குறுக்கிட்டாள். "அப்பா, அந்த நேரம் இந்தக் கொம்பியூட்டர் இருந்திருந்தால் நீங்கள் இஞ்சை வந்திருக்கவே மாட்டீங்கள்."

அண்ணன் சிரித்துவிட்டு, தேத்தண்ணி போடச் சொன்னார். அவரது வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். ஏஜென்சிக்குக் காசைக் கொடுத்து நடுவழியில் கைவிடப்பட்ட குடும்பங்களை நானும் அறிவேன். எல்லையைக் காக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. ஆனாலும் "நாங்கள் வந்த காலம்" என்று அவர் சொன்ன காலத்திலேயே இன்றைய முறைக்கு அத்திவாரம் இடப்பட்டது என்பதும், அந்த அத்திவாரத்தில் தமிழரின் பெயர் இருக்கிறது என்பதும் எம்மவர் பலர் மறந்துவிட்ட சங்கதி.

1985 மே மாதத்தில் பிரித்தானியா இலங்கையருக்கு வீசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்களுக்கு அவ்வாறு செய்தது அதுவே முதற்றடவை. 1983 கலவரத்தின் பின் தஞ்சம் கோரிச் சென்ற தமிழர்களே அதற்குக் காரணம். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய சுமார் அறுபது தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்களிற் சிலர் ஓடுபாதை ஓரத்தில் உடைகளைக் களைந்து எதிர்த்து நின்றனர். அந்தப் படத்தை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. அடுத்த சில வாரங்களில் பிரித்தானிய அரசாங்கம் கொண்டுவந்ததுதான் போக்குவரத்து நிறுவனங்களின் பொறுப்புப் பற்றிய 1987ஆம் ஆண்டுச் சட்டம். உரிய ஆவணம் இல்லாத பயணி ஒருவரை ஏற்றிவந்தால் ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் என்றது அச்சட்டம். பின்னர் தண்டம் 2,000 பவுணாக உயர்ந்தது. அன்று முதல் விமான நிறுவனத்தின் கருமபீடத்தில் நிற்கும் ஊழியர், சம்பளமில்லாத குடிவரவு அதிகாரி ஆனார். எல்லை கடற்கரையிலிருந்து பெயர்ந்து, புறப்படும் ஊருக்கே வந்துவிட்டது.

இதன் தாற்பரியத்தை விளங்கிக்கொள்ள இன்னொரு சம்பவம் உதவும். 1988 பெப்ரவரியில், தஞ்சம் மறுக்கப்பட்ட ஐந்து தமிழர்களைப் பிரித்தானியா இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது. அவர்களுடைய மேன்முறையீடு 1989இல் வெற்றி பெற்றது. அவர்கள் மீண்டும் பிரித்தானியாவுக்கு அழைக்கப்பட்டனர். 1991இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அவர்களைத் திருப்பி அனுப்பியது உரிமை மீறலல்ல என்று தீர்ப்பளித்தது வேறு கதை. நான் சுட்ட விரும்புவது, அவர்களுக்கு எழுத்தில் ஒரு மறுப்பு கிடைத்தது. அதற்குக் காரணங்கள் சொல்லப்பட்டன. ஆகவே அக்காரணங்கள் பிழை என்று ஒரு நடுவர் முன் வாதாட முடிந்தது. கருமபீடத்தில் "உங்களை ஏற்ற முடியாது" என்று சொல்லப்பட்டவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவன் பிரித்தானியாவின் கணக்கில் வரவுமில்லை, போகவுமில்லை.

தரவுப் பரிமாற்றம் அதற்கும் ஒரு படி முந்தியது. இன்று பல நாடுகளின் முறையில், பயணியின் கடவுச்சீட்டு விபரம் இங்கிருந்து போனவுடனே "ஏற்றலாம்" அல்லது "ஏற்ற வேண்டாம்" என்ற விடை விமான நிறுவனத்தின் திரையில் வந்து விழுகிறது. ஏன் என்று கருமபீடத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காக ஐரோப்பிய நகரொன்றுக்குப் போயிருந்தேன். விமான நிலையத்தில் என்னை வரிசையிலிருந்து தனியே அழைத்தார் ஓர் அதிகாரி. பயணச்சீட்டுக்கு வேறொரு நாட்டிலுள்ள வேறொருவரின் கடனட்டையில் ஏன் பணம் கட்டப்பட்டது என்பது அவருடைய முதற் கேள்வி. அழைத்தவர்கள் சார்பில் நண்பர் ஒருவர் கட்டினார் என்று சொல்லி, அழைப்புக் கடிதத்தைக் காட்டினேன். அடுத்து என் பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது என் தந்தையாரின் பெயர். கருத்தரங்கு அழைப்பிலோ என் பெயர் முதலெழுத்துடன் இருந்தது. முக்கால் மணி நேரத்தின் பின் அவர் மரியாதையாகவே என்னைப் போகவிட்டார். அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன். அதிலே எனக்குக் குறையில்லை. ஆனால் நான் எழும்பும் நேரத்தில் அவர் திரும்பி உட்கார்ந்து ஏதோ தட்டச்சுச் செய்தார். என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. "விளக்கம் திருப்தி" என்றா, "கவனிக்கப்பட வேண்டியவர்" என்றா? செய்தி எழுதுபவனைப் பற்றி எழுதப்பட்ட செய்தி, அவனுக்கே காட்டப்படாமல் ஏதோ ஒரு பெட்டகத்தில் கிடக்கிறது.

பெயர் விடயத்தில் எமக்கென்று ஒரு தனி இடர் உண்டு. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் பொதுவில் இல்லை. கந்தையாவின் மகன் சிவகுமார் வெளிநாடு போனதும் திருவாளர் கந்தையா ஆகிவிடுகிறான். அவனுடைய மகனோ திருவாளர் சிவகுமார். அதே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம்; அண்ணன் தம்பி இருவரின் கடவுச்சீட்டுகளிலேயே எழுத்துக் கூட்டல் மாறியிருக்கும். யாழ்ப்பாணத்துக் கந்தையாக்கள் எத்தனை பேர் என்று எந்த இயந்திரத்துக்குத் தெரியும்? எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு முறையில், ஒருவனுடைய பழி இன்னொருவன் தலையில் விழுவதற்கு எம்மிடையே வாய்ப்பு அதிகம்.

அப்படி விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழரல்லாத ஒருவரின் கதையே சான்று. மாஹெர் அரார், சிரியாவில் பிறந்து கனடியக் குடிமகனானவர். 2002 செப்டெம்பரில் நியூயோர்க்கில் விமானம் மாற இறங்கியவரை அமெரிக்க அதிகாரிகள் தடுத்து வைத்தனர். பின்னர் ஜோர்தான் வழியாகச் சிரியாவுக்கு அனுப்பினர். ஏறத்தாழ ஓராண்டு அங்கே சிறையில் சித்திரவதைக்குள்ளானார். கனடிய அரசாங்கம் அமைத்த விசாரணை ஆணைக்குழு 2006இல் அறிக்கையிட்டபோது உண்மை வெளிவந்தது. அவருக்கு எதிராக எந்தச் சான்றும் இருக்கவில்லை. அவரையும் அவருடைய மனைவியையும் தீவிரவாதிகளாகக் காட்டிய தவறான குறிப்புகளைக் கனடியப் பொலிஸார் அமெரிக்காவுக்குக் கொடுத்திருந்தனர். 2007 ஜனவரியில் கனடியப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். ஒரு கோடியே ஐந்து இலட்சம் கனடிய டொலர் இழப்பீடு வழங்கப்பட்டது. பயணிப் பெயர்ப் பதிவிலிருந்து வந்த பிழையல்ல அது. ஆனால் ஒரு நாட்டில் ஒருவர் சரிபாராமல் எழுதும் ஒரு சொல், எல்லை கடந்ததும் ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகிவிடும் என்பதை அது காட்டியது. சந்தேகம் என்று எழுதியவருக்குத் தன் சந்தேகத்தின் அளவு தெரியும். அடுத்த நாட்டில் அதை வாசிப்பவருக்குத் தெரியாது.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2008 மும்பைத் தாக்குதலுக்கு உளவு பார்த்த டேவிட் ஹெட்லியை அடையாளங்காணப் பயணிகளின் தரவு உதவியதாக அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் எடுத்துக்காட்டியிருக்கிறது. கடத்தல்காரரின் பயண வழிகளும் இவ்வாறு துலங்கியதுண்டு. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் 2022 ஜூன் 21 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் இயந்திரம் சுட்டிக்காட்டிய ஆறு பேரில் குறைந்தது ஐவர், மனிதர் ஒருவர் மீளச் சரிபார்த்தபோது தவறாகச் சுட்டப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. ஆகவே மனிதர் ஒருவரின் சரிபார்ப்பு இன்றியமையாதது என்றும், ஐயத்துக்கு இடமில்லாத பயணிகள் அனைவரின் தரவையும் ஐந்தாண்டு காலம் வைத்திருக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆறில் ஐந்து பிழையாக எழுதும் நிருபரை எந்தப் பத்திரிகை வேலைக்கு வைத்திருக்கும்?

தகவல் குவிந்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையை எமது நாடே பொய்யாக்கிவிட்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று 260க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டு உளவுத்துறையிடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. பெயர்களும் வந்திருந்தன. வாசிக்க வேண்டியவர்கள் வாசித்தும் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அன்றைய ஜனாதிபதியையும் அதிகாரிகளையும் பொறுப்பாளிகளாகக் கண்டு, முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்த்தது. அன்று குறைந்திருந்தது தரவு அல்ல, கடமையுணர்வு.

பதிவு என்ற சொல் எமக்குப் புதிதுமல்ல. போர்க்காலக் கொழும்பில் அறை வாடகைக்கு எடுத்த தமிழன் முதலில் செய்த வேலை பொலிஸ் பதிவு. வடக்கிலே இயக்கத்தின் பாஸ் இல்லாமல் வெளியேற முடியாத காலமும் இருந்தது. அதற்கு ஆள் பிணை வைக்க வேண்டும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தப் பதிவுகளெல்லாம் கொடுமைதான். ஆனால் என் பதிவுத் துண்டின் பிரதி என் சட்டைப் பையில் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். விடுதிகளிலிருந்து ஏற்றப்பட்டவர்களைக் கண்ணாற் கண்டவர்கள் இருந்தனர். அதனால் வழக்குப் போட முடிந்தது.

இப்பொழுது இலங்கையும் தரவு சேகரிக்கும் நாடுகளின் வரிசையில் நிற்கிறது. 2024இல் வீசா விண்ணப்பங்களைக் கையாளும் பணி வெளிநாட்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அதன் செலவோடு விண்ணப்பதாரரின் தரவுகள் யார் கையில் போகின்றன என்ற கேள்வியும் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஓகஸ்ட் 2 அன்று நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தியது. கட்டளையை நிறைவேற்றாத குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டெம்பரில் விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறியது. ஆனால் அதன் முக்கிய ஏற்பாடுகள் நடைமுறைக்கு வரும் நாள் பின்னர் ஒத்திவைக்கப்பட்டது. சேகரிப்பதற்கு நாள் தள்ளிப் போவதில்லை. பாதுகாப்பதற்குத்தான் தள்ளிப் போகிறது.

எல்லைகளைத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் கோரிக்கைகள் மூன்றே. என்னைப் பற்றி எழுதியதை எனக்குக் காட்ட வேண்டும். பிழையென்றால் நான் எழுதும் மறுப்பை அதே கோவையில், அதே பக்கத்தில் சேர்க்க வேண்டும். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கோவையை அனுப்பும்போது மறுப்பும் கூடவே போக வேண்டும். ஒருவரை ஏற்ற மறுக்கும் முன், பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒரு மனிதர் அதைப் பார்த்திருக்க வேண்டும். இவை பாதுகாப்பைக் குறைக்கும் காரியங்கள் அல்ல. அரார் விடயத்தில் இவற்றில் ஒன்றாவது இருந்திருந்தால், ஒரு குடும்பம் அழிவிலிருந்து தப்பியிருக்கும். அந்த நேரத்தில் அதிகாரிகள் உண்மையான குற்றவாளியைத் தேடியிருக்கலாம்.

ஐரோப்பாவில் வாழும் வாசகர்கள் தம்மைப் பற்றிய பயணப் பதிவை விமான நிறுவனத்திடம் எழுத்திற் கேட்டுப் பெறலாம்; சட்டம் அதற்கு இடந்தருகிறது. அமெரிக்காவிலும் தமது பயணக் குறிப்புகளைக் கேட்டு விண்ணப்பிக்க வழியுண்டு. கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன சைவச் சாப்பாடு அதிலே இருக்கும். நீங்கள் சொல்லாத வேறு எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.